பேச்சு போன அப்பாவும் ஷிஃப்ட் மாறும் சிஸ்டர்களும்

போன வருஷம் ஐப்பசி மழையில் அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. காலையில் எழுந்திருக்கும்போதே அப்படி இருந்ததால் எப்போது தொடங்கியது என்று சொல்ல ஆளில்லை. அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்பதால் அந்த வாய்ப்பும் கைநழுவியது. மன்னார்குடியிலிருந்து ஆம்புலன்சில் கொண்டுவந்து, நான் வேலை பார்க்கும் திருச்சியிலேயே ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்தேன். அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. டாக்டரிடம் கேட்பது, பணம் கட்டுவது, மருந்து வாங்குவது, ராத்திரி கண் விழிப்பது எல்லாம் நான் ஒருத்திதான். ஸ்கேன், மாத்திரை, இன்சூரன்ஸ் பற்றியெல்லாம் போனில் பத்து பேர் யோசனை சொன்னார்கள். நர்சுக்கும் நோயாளிக்கும் நடுவில் பேச்சு அறுந்துபோனால் என்னென்ன நடக்கும் என்று மட்டும் ஒருவர்கூடச் சொல்லவில்லை. எங்களுக்கு அதிகம் வலித்ததும் அதிகம் செலவானதும் அங்கேதான். மருத்துவமனையின் பெயரைப் போடப் போவதில்லை. எங்கே வேண்டுமானாலும் இது நடக்கும்.

அப்பாவுக்கு வந்த பேச்சுக் குறைக்கு அஃபேசியா என்று பெயர். அவருக்கு வந்த வகையில், நாம் பேசுவது பெரும்பாலும் புரியும், பதில் மனசில் இருக்கும், வாய்க்கு வராது. நியூராலஜிஸ்ட் இதை ரவுண்ட்ஸில் நின்றபடியே தெளிவாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் அவர் ஒரு நாளில் ஐந்து நிமிஷம் வருகிறவர். மீதி நேரம் முழுக்க அப்பா பக்கத்தில் இருப்பவர்கள் நர்சுகள். அவர்களில் பலர் காதருகே குனிந்து, "தாத்தா! தாத்தா! வாயத் திறங்க!" என்று கத்தினார்கள். அப்பாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். சிலர் அவரைத் தாண்டி என்னிடம் கேட்டார்கள்: "மோஷன் போனாரா? தூங்குனாரா?" நாற்பது வருஷம் நெல் மண்டியில் கணக்குப் பார்த்து, ஊரில் பாதிப் பேருக்குப் பெயர் சொல்லிப் பேசியவர், தன்னைப் பற்றித் தன் தலைக்கு மேலேயே பேசிக்கொள்வதைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தார். இரண்டாம் நாளிலிருந்து யார் வந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று இன்றைக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

அடுத்து நடந்ததை விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் பின்னால் வந்த கஷ்டங்களுக்கு வேர் இதில்தான் இருக்கிறது. ஒரு மதியம், நினைவு எப்படி இருக்கிறது என்று பார்க்க வந்த சிஸ்டர், "ஒண்ணு ரெண்டு சொல்லுங்க பாப்போம்" என்றார். அஃபேசியா வந்தவர்களுக்குச் சொந்தப் பெயரே வராதபோதும், ஒன்று இரண்டு எண்ணுவது, கிழமை சொல்வது, பழகிய பாட்டைப் பாடுவது போன்றவை சிலசமயம் தானாக வந்துவிடும். அப்பாவுக்கும் வந்தது. உதடு கோண, முகம் சிவக்க, "லாபம்... ரெண்டு... மூணு..." என்றார். ஸ்ட்ரோக் வந்த பிறகு அவர் குரலை நான் கேட்டது அப்போதுதான். நெல் அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லமாட்டார்கள், லாபம் என்றுதான் தொடங்குவார்கள். அந்த சிஸ்டருக்கு அது தெரிய வாய்ப்பில்லை. குழப்பத்தில் இருக்கிறார் என்று எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார். நான் சொன்ன விளக்கம் குறிப்பேட்டில் ஏறவே இல்லை. அந்த ஒரு குறிப்பு மதிய ஷிஃப்டிலிருந்து ராத்திரி ஷிஃப்டுக்கும், அங்கிருந்து அடுத்த நாள் காலைக்கும் கைமாறிப் போனது. அதற்குப் பிறகு அப்பாவிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. குழம்பியிருக்கிறவரிடம் கேட்டு என்ன பயன் என்றுதானே நினைப்பார்கள்? ஆகவே, உங்கள் நோயாளியைப் பற்றி நர்ஸ் குறிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று தினமும் கேளுங்கள். "கன்ஃப்யூஸ்டு" (குழப்பத்தில் இருக்கிறார்), "நான்-கோஆப்பரேடிவ்" (ஒத்துழைக்கவில்லை), "அஜிடேட்டட்" (நிலைகொள்ளாமல் தவிக்கிறார்) என்ற மூன்றில் எது காதில் விழுந்தாலும் விடாதீர்கள். எதை வைத்து அப்படி எழுதினீர்கள் என்று பொறுமையாகக் கேட்டு, உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லி, அதையும் எழுதச் சொல்லுங்கள்.

மறுநாள் மாலை ஐந்து மணி வாக்கில் அப்பா நிலைகொள்ளாமல் தவிக்க ஆரம்பித்தார். இடது கையால் போர்வையை இழுத்தார், கட்டில் கம்பியை உலுக்கினார், கழுத்து நரம்பு புடைக்க ஏதோ கத்தினார், ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. பி.பி. எகிறியது. ட்யூட்டி டாக்டர் மூளையில் ரத்தக் கசிவோ வீக்கமோ என்று சந்தேகப்பட்டு உடனே சி.டி. எடுக்கச் சொன்னார். அது நியாயமான சந்தேகம், அதில் எனக்குப் புகார் இல்லை. ஓடிப்போய் 3,800 ரூபாய் கட்டினேன். ஸ்கேனில் புதிதாக ஒன்றும் இல்லை. திரும்பி வந்ததும் டிரிப்ஸைப் பிடுங்கிவிடுவார் என்று இடது கையைக் காஸ் துணியால் கட்டிலோடு கட்டினார்கள். தூக்க ஊசி போடலாமா என்றும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவருக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு கைதான். அதையும் கட்டிய பிறகு அவர் என்னைப் பார்த்த பார்வையைத் தாங்க முடியாமல் மாடிப்படிக்குப் போய் உட்கார்ந்து அழுதேன்.

எட்டு மணிக்கு ஷிஃப்ட் மாறி வந்த சிஸ்டருக்கு இருபத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். அப்பாவிடம் வந்ததும் முதலில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவரை யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. முகத்துக்கு நேராக முகம் வைத்து, கத்தாமல், "அப்பா, இன்னைக்கு ராத்திரி உங்களைப் பாத்துக்கப் போறது நான்தான். உங்களுக்குப் பேச வரலைன்னு எனக்குத் தெரியும். நான் சொல்றது புரியுதுன்னும் தெரியும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, கட்டை அவுத்துடுறேன், நான் பக்கத்துலேயே இருக்கேன்" என்று சொல்லிக் கையை அவிழ்த்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். "ஆமான்னா ஒரு தடவை அழுத்துங்க. இல்லைன்னா ரெண்டு தடவை. வலிக்குதாப்பா?" கேட்டுவிட்டு அமைதியாக இருந்தார். எனக்கு அந்த அமைதி பொறுக்கவில்லை, அப்பாவுக்காக நானே பதில் சொல்ல வாயெடுத்தேன். அவர் கண்ணாலேயே வேண்டாம் என்றார். கொஞ்ச நேரம் கழித்து அப்பா ஒரு தடவை அழுத்தினார். தலையா? இரண்டு தடவை. தோளா? இரண்டு தடவை. நெஞ்சா? இரண்டு தடவை. வயிறா? கையை விடாமல் அழுத்திக்கொண்டே இருந்தார். சிஸ்டர் எழுந்து போர்வையை விலக்கி அடிவயிற்றைத் தொட்டார். கல்லு மாதிரி இருந்தது. யூரின் பையில் சொட்டு இல்லை. பிசியோதெரபிக்குத் திருப்பிப் படுக்கவைத்தபோது யூரின் இறங்கப் போட்டிருந்த கதீட்டர் குழாய் தொடைக்கு அடியில் மடங்கி மாட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்து நேராக்கியதும் பை நிரம்ப ஆரம்பித்தது, முக்கால் லிட்டர் வரை இறங்கியது. அரை மணி நேரத்தில் பி.பி. தணிந்தது. அப்பா தூங்கிப்போனார்.

மணிக்கணக்கில் அவர் பட்ட அவஸ்தை, ஒரு ஸ்கேன், கட்டப்பட்ட கை, போட இருந்த தூக்க ஊசி எல்லாம் தீர்ந்தது ஒரு கேள்வியால், அந்தக் கேள்விக்குப் பிறகு காத்திருந்த பத்து விநாடியால். விடியற்காலை கொஞ்சம் ஓய்ந்தபோது அந்த சிஸ்டரிடம் இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டேன். பாடத்திலேயே இருக்கிறது என்றார். தெரபியூடிக் கம்யூனிகேஷன், அதாவது நோயாளியோடு பேசுவதையே சிகிச்சையின் பகுதியாகச் செய்வது, பி.எஸ்ஸி. நர்சிங்கில் படிக்கவேண்டிய விஷயம். 1952-லேயே ஹில்டெகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்க மனநல நர்ஸ் இதைக் கோட்பாடாக எழுதிவிட்டார் என்றும், நோயாளிக்கு நர்ஸ் முதலில் முன்பின் தெரியாதவர், அந்த அந்நியம் நீங்கி நம்பிக்கை வந்தால்தான் மற்ற வேலை நடக்கும் என்பது அதன் அடிப்படை என்றும் சொன்னார். அவர் செய்ததை யோசித்துப் பார்த்தால் எல்லாம் அதில் அடங்கும். தன்னை யார் என்று சொன்னார். உட்கார்ந்தார். தொடப்போவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொட்டார். ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேட்டார், பதிலுக்குக் காத்திருந்தார். "ஒண்ணுமில்ல, எல்லாம் சரியாயிடும்" என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் நோயாளி தன் பயத்தைச் சொல்ல வந்த வாயை நாமே அடைத்த மாதிரி ஆகிவிடும் என்பார். நானும் அன்றிலிருந்து அந்த வாக்கியத்தை விட்டுவிட்டு, "பயமா இருக்காப்பா?" என்று கேட்க ஆரம்பித்தேன். முதல் தடவை கேட்டபோது அப்பா என் கையை ஒரு தடவை அழுத்திவிட்டு அழுதார். அழட்டும் என்று இருந்தேன். லாபம் விஷயத்தையும் சிஸ்டரிடம் சொன்னேன். அவருக்குச் சொந்த ஊர் எங்கள் மன்னார்குடிக்கு அருகே நீடாமங்கலம் பக்கம், உடனே புரிந்து சிரித்துவிட்டார். நினைவு தெளிவு, புரிகிறது, சொல்ல மட்டும் வரவில்லை என்று குறிப்பில் புதிதாக எழுதினார்.

இதோடு முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன். நாலைந்து நாள் கழித்து, விழுங்கும் திறனைச் சோதித்துப் பார்த்து, கஞ்சி கூழ் பதத்தில் மட்டும் கொடுக்கலாம், தண்ணீர், டீ, மோர் எதுவும் கூடாது, நேராக உட்காரவைத்துத்தான் ஊட்ட வேண்டும் என்றார்கள். ஸ்ட்ரோக் வந்தவர்களில் பலருக்குத் தொண்டைத் தசையும் பலவீனமாகிவிடும். நீர்த்த பொருள்தான் எளிதாகப் புரையேறி நுரையீரலுக்குள் போகும். இது மதிய ஷிஃப்ட் சிஸ்டரிடம் வாயால் சொல்லப்பட்டது, அவர் தலையாட்டினார். மறுநாள் காலை நான் இன்சூரன்ஸ் டெஸ்கில் நின்றுகொண்டிருந்த நேரத்தில், வார்டு ஆயாம்மா பாவம் பசிக்குமே என்று சாய்ந்து படுத்திருந்தவருக்கு டம்ளரில் டீ கொடுத்திருக்கிறார். அவருக்கு யாரும் சொல்லவில்லை. காலை சிஸ்டருக்கும் யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்ல அப்பாவுக்கு வாய் இல்லை. இரண்டு நாளில் காய்ச்சல், மூச்சு வாங்கல், ஆக்சிஜன் இறக்கம், எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடிப்பகுதியில் சளி. மறுபடி ஐ.சி.யூ. அந்த நிமோனியாவுக்கு மட்டும் 1,68,000 ரூபாய் ஆனது. பாலிசி மூன்று லட்சம் ஏற்கெனவே கரைந்துகொண்டிருந்ததால் பெரும்பகுதி கையிலிருந்துதான் போனது. அம்மாவின் வளையலை அடகு வைத்தேன், இன்னும் மீட்கவில்லை. ஆபீசில் சம்பளமில்லாத விடுப்பு. பணத்தைக்கூட விடுங்கள், மூக்கில் குழாயும் முகத்தில் மாஸ்க்குமாகக் கிடந்த அப்பா, மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்த ஓரிரு சொற்களையும் அந்த ஒரு வாரத்தில் தொலைத்துவிட்டார்.

அதனால் ஷிஃப்ட் மாறும் நேரத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். பல மருத்துவமனைகளில் காலை ஏழு எட்டுக்குள், மதியம் ஒன்றரை இரண்டு மணிக்கு, ராத்திரி ஏழரை எட்டு மணிக்கு மாறுவார்கள். டீ குடிப்பது, குளிப்பது, பில் கட்டுவது எதுவாக இருந்தாலும் அந்த அரை மணி நேரத்தில் வேண்டாம். நோயாளி பக்கத்தில் நில்லுங்கள். ஒப்படைப்பு நர்ஸ் ஸ்டேஷனில் நடந்தால், முக்கியமான இரண்டு விஷயத்தைப் படுக்கைப் பக்கத்தில் வந்து சொல்ல முடியுமா சிஸ்டர் என்று கேளுங்கள். பெரும்பாலும் வருவார்கள். நர்சுகள் தங்களுக்குள் ஒப்படைக்க ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள்: நோயாளி யார், இப்போது என்ன நிலை, முன்கதை என்ன, என்ன என்று கணிக்கிறோம், என்ன செய்ய வேண்டும். நீங்களும் அதே வரிசையில் சொன்னால் அவர்கள் காது கொடுப்பார்கள். "சிஸ்டர், அப்பா ஒரு மாதிரி இருக்காரு" என்பதைவிட, "பதினோராம் நம்பர் பெட், ஒரு மணி நேரமா தவிக்கிறாரு, கதீட்டர் போட்டிருக்கு, யூரின் வரல, அடைச்சிருக்குமோன்னு தோணுது, வந்து பாருங்க" என்றால் வேகமாக நடக்கும். இதைக் கற்றுக்கொண்ட பிறகு எனக்கு யாரிடமும் குரலை உயர்த்த வேண்டியே வரவில்லை. புதிதாக ஒரு கட்டுப்பாடு வந்தால், அது உணவோ மருந்தோ அசைவோ, எழுதிப் படுக்கையின் தலைமாட்டில் ஒட்டச் சொல்லுங்கள். ஆயாம்மாவுக்கும் உணவு கொண்டுவருகிறவருக்கும் கண்ணில் படுகிற மாதிரி, தமிழில்.

நர்சுகளைக் குறை சொல்லிவிட்டுப் போவது என் நோக்கமில்லை. ஹில்டெகார்ட் பெப்லாவ் பற்றிச் சொன்ன அந்த சிஸ்டரே, "எல்லாருக்கும் இப்படிப் பண்ணணும்னு ஆசைதான்க்கா, ராத்திரியில பதினெட்டு பேருக்கு ரெண்டு பேர் இருக்கோம்" என்றார். இந்திய நர்சிங் கவுன்சில் கணக்குப்படி பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸாவது இருக்க வேண்டும், மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மூன்று பேருக்கு ஒருவர். சம்பளமும் அப்படித்தான். உச்ச நீதிமன்ற உத்தரவை ஒட்டி 2016-ல் மத்திய அரசு அமைத்த குழு, ஐம்பது படுக்கைக்குக் குறைவான தனியார் மருத்துவமனையில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அதைவிடக் குறைவாக வாங்குகிறவர்களை நான் அந்த வார்டிலேயே பார்த்தேன். உட்கார்ந்து பேச நேரமில்லாதவரிடம் நேரத்தைக் கேட்பதைவிட, அவருக்கு இருக்கிற இரண்டு நிமிஷத்தில் வேலை நடக்கிற மாதிரி நாம் வழி செய்து கொடுக்கலாம். சிஸ்டரின் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்வதும், நன்றாகச் செய்ததை அவருடைய இன்சார்ஜ் காதில் போடுவதும் பெரிய மாற்றத்தைக் கொண்டுவருகிறது. நான் செய்து பார்த்திருக்கிறேன்.

கையைக் கட்டுவது பற்றி ஒன்று. சில நேரம் அது தேவைப்படும், மறுக்கவில்லை. ஆனால் யார் சொல்லிக் கட்டுகிறீர்கள், எதற்காக, எப்போது அவிழ்ப்பீர்கள் என்று மூன்றையும் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தின் 17 உரிமைகளில், தகவல் பெறுவதும் சம்மதம் கேட்கப்படுவதும் இருக்கின்றன. தவிக்கிற நோயாளிக்கு முதலில் பார்க்க வேண்டியவை எளிமையானவை: யூரின் போகிறதா, மலச்சிக்கலா, தாகமா, குளிரா, டிரிப்ஸ் ஏறிய இடம் வீங்கியிருக்கிறதா, செயலிழந்த தோள் கீழே மாட்டி வலிக்கிறதா. இதை ஒரு வரிசையாகக் கேட்டுப் பாருங்கள், கையை அழுத்துவதோ கண்ணைச் சிமிட்டுவதோ அவரால் முடிந்த சைகையில் பதில் வாங்குங்கள்.

மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு கொடுக்கும் ரைல்ஸ் டியூபோடுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் அன்று ஐந்து நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொல்லி முடித்து, புரிஞ்சுதா என்றார்கள். புரிந்தது என்று தலையாட்டி வந்துவிடாதீர்கள். நான், "சிஸ்டர், நீங்க சொன்னதை நான் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாருங்க" என்றேன். சொல்லிப் பார்த்தபோதுதான் இரண்டு இடம் விட்டுப்போயிருந்தது தெரிந்தது: ஒவ்வொரு தடவையும் ஊட்டுவதற்கு முன் டியூபில் போட்ட அடையாளம் மூக்கருகே அதே இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஊட்டி முடித்து அரை மணி நேரமாவது தலையை உயர்த்தியே வைத்திருக்க வேண்டும். பிறகு மதிய ஃபீடை அவர் கண் முன்னாலேயே என் கையால் கொடுத்துக் காட்டினேன். ஸ்பீச் தெரபிஸ்டை டிஸ்சார்ஜுக்கு முன்பே பார்க்கக் கேளுங்கள், கேட்காமல் வருவதில்லை. டியூப் எடுத்தாகிவிட்டது. அப்பா இப்போது சின்னச் சின்ன வார்த்தைகள் சொல்கிறார், என் பெயர் உட்பட.

வீட்டுக்கு வந்து கொஞ்சம் மூச்சு விட்டதும் மருத்துவப் பதிவுகளைக் கேட்டு எழுதிக் கொடுத்தேன். 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். நர்ஸ் குறிப்புகளையும் சேர்த்துக் கேளுங்கள். விழுங்கும் சோதனையின் கட்டுப்பாடு அன்றைய குறிப்பில் எங்கேயும் இல்லை. அந்தப் பக்கத்தை இணைத்து நர்சிங் சூப்பரின்டென்டுக்கு எழுதினேன். அந்த அம்மா கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்டார், பணம் திரும்ப வராது என்பதையும் நேராகச் சொன்னார். நான் தலைமாட்டில் ஒட்டியிருந்த தாளைக் கேட்டு வாங்கி, வார்டில் எல்லா ஸ்ட்ரோக் படுக்கைக்கும் வைக்கச் சொல்வதாகச் சொன்னார்.

அந்தத் தாளில் இருந்ததை அப்படியே தருகிறேன், உங்கள் ஆளுக்குத் தகுந்தபடி மாற்றிக்கொள்ளுங்கள். முதல் வரியில் அவரை எப்படிக் கூப்பிட்டால் பிடிக்கும் என்பது. அடுத்து, காது கேட்கும், புரியும், பேச வராது என்பது. ஒரு தடவை அழுத்தினால் ஆம், இரண்டு தடவை என்றால் இல்லை, இடது கையில் கேளுங்கள். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, பத்து விநாடி பொறுங்கள். கண்ணாடி போட்டால்தான் முகம் தெரியும், டிராயரில் இருக்கிறது. தண்ணீர், டீ, மோர் கொடுக்காதீர்கள். வலது கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், தோள் இறங்கிவிடும். கடைசியில் என் போன் நம்பர். பெரிய எழுத்தில் எழுதி ஜெராக்ஸ் கடையில் இரண்டு பிரதி லேமினேட் செய்துகொள்ளுங்கள், இரண்டாவது ஐ.சி.யூ.வுக்கு. அங்கே நீங்கள் உள்ளே இருக்க முடியாது.